பல்லி புகாத பெட்டி

அக்டோபர் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளி இரவு. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் நிற்கும் சிஎன்சி மெஷினில், அதாவது கணினி சொன்னபடி தானாக மரம் வெட்டும் மெஷினில், பலகை ஒன்று வெட்டிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். மெஷினை நகர்த்தும் நான்கு மோட்டார்களும் அப்படியே நின்றன. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் மட்டும் நிற்கவில்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பலகையைக் கருக்கிப் புகை கிளப்பியது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தால், 36 வோல்ட் பவர் சப்ளையின் முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

அன்றுவரை என் மெஷினுக்கு மின்பெட்டி கிடையாது. ஒரு பிளைவுட் துண்டில் எல்லாவற்றையும் ஸ்குரூ வைத்து முடுக்கி, மேசைக்கு அடியில் தொங்கவிட்டிருந்தேன். ‘அப்புறம் பெட்டி போடலாம்’ என்று சொல்லியே ஒரு வருடம் ஓடிவிட்டது. என் மகளுக்கு ஏழு வயது. மெஷின் ஓடினால் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பாள். திறந்து கிடந்த அந்த 230 வோல்ட் முனைகள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தன. பல்லியைச் சுரண்டி எடுத்தபோது எனக்கு அதுதான் நினைப்பாக இருந்தது. அடுத்த நாளே பெட்டி தேடக் கிளம்பினேன்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீமா 23 அளவில் ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்ன அடியாகச் சுழல்வது) நான்கு: இடவலமாகப் போகும் எக்ஸுக்கு ஒன்று, முன்பின்னாகப் போகும் ஒய்க்கு இரண்டு, மேலும் கீழும் போகும் இசட்டுக்கு ஒன்று. நான்குக்கும் மின்சாரம் கொடுத்து ஓட்டும் டிஎம்542 டிரைவர். எக்ஸிலும் ஒய்யிலும் 5 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்குரூ, அதாவது ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும், உள்ளே சின்ன உருண்டைகள் உருளும் திருகு. இசட்டில் மட்டும் பழைய சாமானில் கிடைத்த 10 மி.மீ. லீட், அது என்ன வேலை செய்தது என்று பின்னால் சொல்கிறேன். ஸ்பிண்டில் தண்ணீரால் குளிரும் 1.5 கிலோவாட். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் விஎஃப்டி என்ற மின்கருவி 400 ஹெர்ட்ஸ் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 24,000 சுற்று. மூளை, ஜிஆர்பிஎல் என்ற சிஎன்சி மென்பொருள் ஏற்றிய ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை.

பெட்டி மாற்றும்போது மூளையையும் மாற்றலாமா என்று யோசித்தேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 8 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிக்கும், ஆக ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்பு. 5 மி.மீ. லீட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. ஊனோவில் ஜிஆர்பிஎல் வினாடிக்கு 30,000 துடிப்பு வரை தரும். நிமிடத்துக்கு 5,600 மி.மீ. வேகம் வரை தாங்கும் என்று கணக்கு வந்தது. நான் 3,000-ஐத் தாண்டுவதே இல்லை. ஊனோவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் 600-க்கு 500, ஆழம் 250 மி.மீ. அளவில் இரும்புப் பெட்டி கிடைத்தது. உள்ளே துத்தநாகப் பூச்சுப் பூசிய தகடு, கதவில் ரப்பர் விளிம்பு, சாவியும் இருந்தது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, 100 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார், 80-க்குக் கொடுத்தார். பழைய ஓட்டைகள் ஏழு. அவற்றில் நான்கைக் கேபிளை இறுக்கிப் பிடித்து உள்ளே விடும் கிளாண்டுக்கே வைத்துக்கொண்டு மீதியை அடைத்தேன். வாயர் முனையில் மாட்டும் ஃபெர்ரூல் என்ற சின்ன உலோகக் குழாயை அழுத்தும் கருவியை ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிறு காலை பழசாக வாங்கினேன். பெட்டி, சாமான்களை மாட்டும் டின் ரெயில், வாயர் ஓடும் டிரங்கிங் எல்லாம் பழசு வாங்கலாம். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனும், மின்சாரத்தை இணைத்து அறுக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். உள்ளே முனை தேய்ந்திருக்கிறதா, ஒட்டிக்கொள்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

பெரியப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக (மின் பொறுப்பாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பார்க்க வந்தவர் முதலில் கேட்டது இதைத்தான்:

“எதுக்குப் பெட்டி போடுற?”

“பல்லி வராம இருக்கத்தான், பெரியப்பா.”

“அதுக்கு வலை போதுமே. உள்ள ஒரு வாயர் கழண்டு விழுந்தா எதைத் தொடும்? தொட்டா என்ன ஆகும்? அதை யோசிச்சுப் போடு.”

பெட்டியை ஒரு மூடியாக மட்டுமே நினைத்திருந்த என்னை அந்தக் கேள்வி உட்காரவைத்தது. இரும்புப் பெட்டிக்குச் சரியாக எர்த் கொடுத்திருந்தால், கழன்ற லைவ் வாயர் அதைத் தொட்ட கணமே, மின்சாரம் அளவு மீறினால் விழும் எம்சிபியோ, எர்த்துக்குக் கசிந்தால் விழும் ஆர்சிசிபியோ விழும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுதும் லைவ் ஆகிக் கை வைப்பவருக்காகக் காத்திருக்கும். பிளைவுட்டைவிட ஆபத்து அது. அதனால் முதல் வேலை எர்த் போல்ட். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு முடுக்கினேன். அங்கிருந்து தகட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, மெஷின் உடம்புக்கு ஒன்று என்று பச்சை மஞ்சள் வாயர் தனித்தனியாகப் போனது. கீல் வழியாகக் கதவுக்கு எர்த் கிடைக்கும் என்று நம்பக்கூடாது; கீலிலும் பெயின்ட், கிரீஸ். கதவுக்குப் பின்னிய செம்புப் பட்டைதான் சரி.

தகட்டில் எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க இரண்டு இரவுகள் ஆயின. அட்டையில் ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் வெட்டித் தகட்டின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் இடப்பக்கம் முரட்டு மின்சாரம்: மெயின் சுவிட்ச், எம்சிபி, மின் இரைச்சலைக் குறைக்கும் ஃபில்ட்டர், இரண்டு கான்டாக்டர், விஎஃப்டி. வலப்பக்கம் மெல்லிய சிக்னல்: ஆர்டுயினோ, அச்சு எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் முனைகள். நடுவில் பவர் சப்ளையும் டிரைவர்களும். டிரங்கிங்கும் அப்படியே இரண்டு. ஸ்பிண்டில் கேபிள் இடது ஓரத்தில் வெளியேறும்; லிமிட் கேபிள்கள் வலது ஓரத்தில் நுழையும். எங்காவது குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர் குறுக்காகவே போகும், பக்கத்தில் படுத்து ஓடாது.

வாயரிங் மூன்று வார இறுதிகளைத் தின்றது. முனைகளில் ஈயம் வைத்து ஸ்குரூவில் முடுக்குவது என் பழைய பழக்கம். அதை விட்டுவிட்டேன். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுக்கும். நாளடைவில் ஸ்குரூ தளர்ந்து முனை சூடாகும். எல்லா இடத்திலும் ஃபெர்ரூல்தான். ஒவ்வொரு வாயருக்கும் இரு முனையிலும் எண். பெரியப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் முடுக்கிய ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்த்தார். நூற்றுச் சொச்சம் முனையில் மூன்று கையோடு வந்தன. மூன்றும் இரவு பதினொரு மணிக்குமேல் போட்டவை.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சின்ன நகர்த்து சுவிட்ச் இருக்கும். புது சப்ளை 115-இல் வந்திருந்தது. பார்க்காமல் நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்திருந்தால் அதுவும் பல்லி வழியே போயிருக்கும்.

சிவப்புப் பட்டன்தான் நான் அதிகம் யோசித்த இடம். பல்லி இரவில் மோட்டார்கள் நின்றும் ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை. பலர் எமர்ஜென்சி பட்டனை ஆர்டுயினோவின் ஒரு பின்னில் இணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது மென்பொருளிடம் ‘தயவுசெய்து நில்’ என்று கேட்பதுதான். ஆர்டுயினோ தொங்கிப்போயிருந்தால் அந்த வேண்டுகோளை யாரும் கேட்கமாட்டார்கள். பட்டன் மின்சாரத்தையே அறுக்க வேண்டும்.

என் சுற்று இப்படி. 24 வோல்ட் எப்போதும் இருக்கும். அது பட்டனின் மூடிய தொடர்பு வழியாகப் போய்த்தான், மோட்டார்களுக்கு மின்சாரம் விடும் முதல் கான்டாக்டரின் காயிலைப் பிடிக்கிறது. பச்சை ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் ஏறும், அதாவது மூடிக்கொண்டு மின்சாரத்தை விடும். அதன் துணைத் தொடர்பு ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக நின்று, விரலை எடுத்த பிறகும் பிடித்துக்கொள்ளும். சிவப்பை அமுக்கினாலோ, வாயர் அறுந்தாலோ, கரண்ட் போனாலோ பிடி விடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் தானாக ஏறாது.

ஸ்பிண்டிலுக்கு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால் அது பிரேக் இல்லாத வண்டி மாதிரி தானாக ஓய்ந்து நிற்க வேண்டும். 18,000 சுற்றிலிருந்து நிற்க என் கடிகாரத்தில் ஏறக்குறைய 12 வினாடி ஆனது. விஎஃப்டியிடம் மின்சாரம் இருந்தால் அதுவே 4 வினாடியில் பிடித்து நிறுத்தும். ஆகவே பட்டனில் இன்னொரு தொடர்பு விஎஃப்டியின் ‘ஓடு’ என்ற சிக்னலை உடனே அறுக்கிறது. ஒரு டைமர் ரிலே 5 வினாடி கழித்து இரண்டாவது கான்டாக்டரை விட்டு, விஎஃப்டிக்கே மின்சாரத்தை நிறுத்துகிறது. விஎஃப்டி சொன்னபடி கேட்காவிட்டாலும் ஐந்தாவது வினாடியில் மின்சாரம் போய்விடும், அதன் பிறகு ஸ்பிண்டில் தானாக ஓய்ந்து நிற்கும். மூன்றாவது தொடர்பு ஜிஆர்பிஎல்லின் ரீசெட்டுக்கு. தொழிற்சாலையில் இதற்கென்றே சான்று பெற்ற சேஃப்டி ரிலே போடுவார்கள். வேலைக்கு ஆள் வைத்து ஓட்டும் மெஷினுக்கு அதுதான் வேண்டும். நான் மட்டும் ஓட்டும் மெஷின் என்பதால் இந்த ஏற்பாட்டோடு நின்றேன்.

கான்டாக்டரை விஎஃப்டிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் வைத்து ஓட்டத்தில் அறுத்தால் விஎஃப்டியின் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். இன்னொன்று: மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் விஎஃப்டியின் உள்ளே கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்குமேல் நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைப்பேன்.

ஸ்பிண்டிலை ஓட்டாமல் முதல் சோதனை. அச்சுகளை நகர்த்திக்கொண்டே சிவப்பை அமுக்கினேன். எல்லாம் நின்றன; இசட் மட்டும் நழுவிக் கீழே இறங்கி, கட்டர் பலகையில் ‘டக்’ என்று குத்தி முனை உடைந்தது. அந்த 10 மி.மீ. லீட் செய்த வேலை. பால் ஸ்குரூவில் உராய்வு மிகக் குறைவு. லீட் பெரிதாக இருந்தால், மோட்டாருக்கு மின்சாரம் போனவுடன் தலையின் எடையே ஸ்குரூவைச் சுற்றிவிடும். நிறுத்தப் போட்ட பட்டனே ஒரு பாகத்தைக் கீழே தள்ளுகிறது! அங்கே ஒரு விரல் இருந்திருந்தால்? இசட் தலையைக் கழற்றி எடை பார்த்தேன்: 7 கிலோ, அதாவது 70 நியூட்டன் அளவு. கிச்சன் கேபினட்டில் மேல்நோக்கித் திறக்கும் கதவுக்குப் போடும் காஸ் ஸ்டிரட் 80 நியூட்டனில் கிடைத்தது, 12 வெள்ளி. தலையைக் கீழிருந்து தாங்கும்படி பொருத்தினேன். இப்போது பட்டனை அமுக்கினால் இசட் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பிறகு ஸ்பிண்டிலை ஓட்டினேன். இரண்டே வினாடி. திரையில் அலாரம் 1: லிமிட் சுவிட்ச் தொடப்பட்டது. யாரும் எதையும் தொடவில்லை. மறுபடி ஓட்டினால் மறுபடி அலாரம். ஸ்பிண்டிலை நிறுத்தினால் மெஷின் தங்கம்.

பிளைவுட் காலத்திலும் இது எப்போதாவது வரும். லிமிட்டை மென்பொருளில் அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறேன். இந்த முறை அப்படிச் செய்யக்கூடாது என்று உட்கார்ந்தேன். லிமிட் கேபிள்களைப் பெட்டியில் கழற்றி, அந்த முனைகளைச் சின்ன வாயர் துண்டால் இணைத்து ஓட்டினேன். அலாரம் இல்லை. ஆக, தொல்லை கேபிள் வழியாக உள்ளே வருகிறது. ஆர்டுயினோ பின்னில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைத்தேன். அலாரம் குறைந்தது, நிற்கவில்லை.

மூன்றாம் நாள், ஓடும்போது புறங்கை ஸ்பிண்டில் உடம்பில் பட்டது. சுள்ளென்றது. உடனே நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, மீட்டரை எடுத்து ஸ்பிண்டில் உடம்புக்கும் எர்த் போல்ட்டுக்கும் நடுவே வைத்தேன். தொடர்பே இல்லை. ஸ்பிண்டில் தலையில் நாலு பின் கனெக்டர். நான்காவது பின்னுக்கு நான் ஒழுங்காகப் பச்சை மஞ்சள் வாயர் போட்டிருந்தேன். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே அந்த நான்காவது பின் எதனோடும் இணைக்கப்படவே இல்லை. வெறும் பின். ஒரு வருடமாக எர்த் இல்லாத உலோகத்தைத் தொட்டு வேலை செய்திருக்கிறேன்.

அங்கேதான் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. விஎஃப்டி நேர்மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் ஸ்பிண்டிலுக்குத் தருகிறது. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் மின்சாரம் சுருள்களிலிருந்து ஸ்பிண்டில் உடம்புக்குத் தாவும். அது எப்படியும் விஎஃப்டிக்குத் திரும்பியாக வேண்டும். எர்த் வழி இல்லாததால் மெஷின் உடம்பில் பரவி, லிமிட் கேபிள் வழியாகவும், என் புறங்கை வழியாகவும் பாதை தேடியிருக்கிறது. ஊனோவின் பின்னைப் பிடித்திருக்கும் உள் மின்தடை 20 முதல் 50 கிலோஓம். ஓடுவது கால் மில்லியாம்பியருக்கும் குறைவு. அவ்வளவு பலவீனமான பிடியைத் தட்டிவிட எவ்வளவு இரைச்சல் வேண்டும்?

நான்காவது பின்னிலிருந்து உடம்பின் ஒரு ஸ்குரூவுக்கு வளைய முனை போட்டு வாயர் கொடுத்தேன். ஸ்பிண்டில் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டைப் பெட்டிக்குள் ஒரு சாண் வாலாக முறுக்கி எர்த்தில் மாட்டியிருந்தேன். அதை வெட்டிவிட்டு, ஷீல்டு முழுச் சுற்றும் தகட்டில் அழுந்தும்படி கிளாம்ப் போட்டேன். லிமிட் சுவிட்ச்களை 5 வோல்ட்டிலிருந்து எடுத்து, 24 வோல்ட்டில் 10 மில்லியாம்பியர் ஓடும், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் பலகைக்கு மாற்றினேன். சுவிட்ச் எல்லாம் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகை. வாயர் அறுந்தால் மெஷின் நிற்கும். லிமிட் சிக்னலை எப்படிப் படிப்பது என்று சொல்லும் ஜிஆர்பிஎல் $5 அமைப்பில் எது சரி என்பதைச் சுவிட்சை விரலால் அமுக்கியே உறுதி செய்துகொண்டேன். அன்று மாலை ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடியது. ஒரு அலாரம் இல்லை. புது ஸ்பிண்டில் வாங்குகிற யாராக இருந்தாலும் முதலில் மீட்டரை வைத்து அந்த நான்காவது பின்னைப் பாருங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் வீட்டின் ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி போட்டால், ஸ்பிண்டில் ஏறும்போது மறுபடி விழுந்தது. ஃப்ரிட்ஜ் அணைந்து, மீன் தண்ணீர் விட்டு, வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யோசித்தால் நியாயம்தான். இதுவரை வழி இல்லாமல் அலைந்த மின்சாரம் இப்போது எர்த் வழியாகப் போகிறது. ஃபில்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எர்த்துக்கு விடுகிறது. ஆர்சிசிபி அதைக் கசிவு என்றுதான் எண்ணும். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ‘எர்த்தைக் கழற்றிவிடு, சரியாகிவிடும்’ என்றார். அலாரத்தை அணைத்துவிட்டு ஓட்டிய அதே புத்தி அது, நான் கேட்கவில்லை. உரிமம் உள்ள வாயர்மேனைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள் நான் கை வைக்கலாம். வீட்டின் முதன்மை மின்பலகையான டிபியில் கை வைப்பது அவர் வேலை. போர்ச்சுக்குத் தனி லைன் இழுத்து, விஎஃப்டிக்கு ஏற்ற வகையில் தனி ஆர்சிசிபி அவரே தேர்ந்து போட்டார். நான் விஎஃப்டி வினாடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்ற கேரியர் அலைவெண்ணைக் கொஞ்சம் குறைத்தேன். அதன் பிறகு விழவில்லை.

சூடு பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நம் ஊர் மதியத்தில் போர்ச்சே 34 டிகிரி. பெட்டியை முழுக்க மூடி ஓட்டியபோது உள்ளே 54 டிகிரி காட்டியது. கீழே 120 மி.மீ. ஃபேன் காற்றை உள்ளே தள்ள, மேலே வெளியேறும் வாய். ஃபேன் உள்நோக்கித் தள்ளுவதுதான் நல்லது. பெட்டிக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தால் மரத்தூள் இடுக்கு வழியே நுழையாது. இப்போது 42 டிகிரியைத் தாண்டுவதில்லை. இரண்டு வாயிலும் தூசி ஃபில்ட்டருக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கண் துருப்பிடிக்காத வலை. பல்லிக் குஞ்சுகூட நுழையாது. எறும்புக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம் தைப்பூசக் காவடிக்கு ஒரு மயில் பலகை வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் அதன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் இருட்டி, இடி இடித்து, கரண்ட் போனது. ஸ்பிண்டில் ஓய்ந்து ஓய்ந்து நின்றது. இசட் அசையவில்லை. இருட்டில் மழைச் சத்தம் மட்டும். சில நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. வீட்டுக்குள் ஃபேன் சுற்றியது, ஃப்ரிட்ஜ் உறுமியது, டிவி பேசத் தொடங்கியது. பெட்டியில் கரண்ட் வந்துவிட்டது என்று காட்டும் வெள்ளை விளக்கு மட்டும் எரிந்தது.

“அப்பா, மெஷின் ஏன் ஓடல?”

“நாம சொல்லாம அது ஓடாதுமா.”

கட்டரைக் கையால் மேலே தூக்கினேன். மகளைக் கோட்டுக்குப் பின்னால் போகச் சொன்னேன். பச்சைப் பட்டனை அமுக்கி, அச்சுகள் தொடக்க இடத்தைத் தேடிக்கொள்ளும் ஹோமிங்கிலிருந்து மறுபடி தொடங்கினேன்.